நான்காவது பட்டை

மூன்று டிக்கெட் எடுத்தால் ஒன்று இலவசம்.
நஸ்ரீன்தான் கணக்குப் போட்டாள்,
செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறை வாசலில்,
டீ ஆறும் முன்பே.
ஆகவே நாங்கள் நால்வர்:
அவள், நான், எமிலி, தவமணி.

ஞாயிறு காலை அடிவாரம் பஸ் ஏறியபோது
மூவர்.
"அவருக்கு இன்னைக்கு லீவாம்"
பாதிக்குரலில் சொல்லிப் போனை வைத்துவிட்டாள் தவமணி.

கவுன்ட்டர்ப் பையன் நான்கு பட்டைகளையும் கொடுத்தான்.
ஆரஞ்சு நிறக் காகிதம்,
நனைந்தாலும் கிழியாதாம்.

வாடகை நைலான் அரைக்கால் சட்டையில்
ஒருத்தி முழங்காலை ஒருத்தி
பதினோரு வருடத்தில் முதன்முறை பார்த்தோம்.
எமிலிக்கு அங்கே ஒரு மச்சம்.
சிரித்த சிரிப்பில்
லாக்கர் சாவி தொலைந்து, கிடைத்தது.

மேலே சேர்வராயன் மலையில்
ஏற்காடு போகும் கார்கள்
வளைவுக்கு வளைவு மினுங்கின.
எங்களுக்குச் சிமென்ட் அருவியே போதும்.

நாலு பேர் உட்காரும் வட்ட ரப்பர் படகு.
விசில்காரர் கேட்டார், "இன்னொருத்தர்?"
"வராங்க" என்றாள் எமிலி.
தள்ளிவிட்டார்.

ஆளில்லாத பக்கம் எழும்பி எழும்பிச்
சுழன்றுகொண்டே இறங்கினோம்.
ஒவ்வொரு வளைவிலும்
அந்த இருக்கைதான் முதலில் வானத்துக்குப் போனது.
கத்தினோம்.
எமிலி கெட்ட வார்த்தையில் கத்தினாள்,
யாரை என்று சொல்லவில்லை.

சாயங்காலம் அவளே அழைத்தாள்.
பின்னால் குக்கர் விசில்.
"தண்ணி எப்படிடீ இருந்துச்சு?"

சேலத்து மே மாதத் தண்ணீர்,
வெந்நீராய்க் கிடந்தது.

"ஐஸுடீ. நீ வந்திருந்தா
ஜன்னி கண்டிருக்கும்."

"நல்லவேளை" என்றாள்.

நான்காவது பட்டை
நஸ்ரீன் பர்ஸில்,
பஸ் சில்லறையோடு,
காய்ந்தபடி.