கவிழ்த்த கேடயம்

நானூறு ஆண்டு வம்சம் என்கிறார்கள்.
கணக்குப் பார்த்தால்
ஒரு கெண்டைமீன் குளம்,
ஆலைக்காரர்களோடு தீராத இரண்டு வழக்கு,
போருக்குப் போய்ச்
சீதபேதியில் செத்த ஐந்து பேர்.
பெயருக்கு முன்னால் ஒரு ‘ஃபொன்’.
கடன் கொடுத்தவன் மட்டும்
அதை விடாமல் உச்சரித்தான்.

விகார்ட் ஃபொன் ட்ரெப்னோவைப் புதைத்த அன்று
மெக்லென்பர்க் முழுக்கப் பனி உருகிய சேறு.
ஆண் வாரிசு இல்லை.
வழக்கப்படி
தூரத்துப் பங்காளி ஒருவர்
குலக் கேடயத்தைத் தலைகீழாகப் பிடித்தார்.
கறுப்பு மீன் மல்லாந்தது.
பழைய லிண்டன் மரம்,
மூன்றாம் வெட்டில்தான் பிளந்தது.
“இன்று ட்ரெப்னோ, இனி என்றுமில்லை!”
கூவியவருக்குச் சளி பிடித்திருந்தது.
இன்னொரு முறை கூவச் சொன்னார்கள்.

பதிவேட்டில் பாதிரியார் எழுதினார்:
இத்தோடு இக்குலம் அற்றது.
மை உலர மணல் தூவினார்.
எதிரே நின்றிருந்தார்கள்
ரோஸ்விதா, கெர்லிண்டே, இர்ம்ட்ராவுட்.
மூவருக்கும் அப்பனின் அதே கோணல் மூக்கு.
இளையவள் ஆலைக்காரன் மனைவி,
ஏழாம் மாதம்.
குனிய முடியாமல் குனிந்து
குழியில் விழாத சிம்பு ஒன்றை எடுத்தாள்.
மீனின் வால்.

ஆலையின் பின்கதவு
அதற்கப்புறம்
காற்றுக்கு அடித்துக்கொள்வதில்லை.