பதினேழாவது பெயர்

பட்டியல் என் கையில் இருந்தது.
யார் பேசுவார்கள், எத்தனையாவதாக,
யாருக்குக் குரல் நடுங்கும்,
யாருக்கு முன்கூட்டியே தண்ணீர் தரவேண்டும்,
எல்லாம் பென்சிலில்.
லூயிஸ்டனிலிருந்து விடியுமுன் கிளம்பிய பேருந்தில்
ஹீட்டர் வேலை செய்யவில்லை.
டீசல் வண்டியில் போய்
காற்றாலை கேட்கிறோம் என்றாள் இஃப்ரா.
யாரும் சிரிக்கவில்லை.
ஒரு மைல் கழித்து எல்லோரும் சிரித்தோம்.

அகஸ்டாவில் பனி
உப்பு தின்று சாம்பலாய்க் கிடந்தது.
சட்டமன்ற வாசலில் காவலர்
எங்கள் பைகளைத் திறந்து பார்த்தார்:
கையெழுத்துத் தாள்கள், ஒரு பெட்டி டோனட்,
ஆய்வகத்தில் கடன் வாங்கிய
உள்ளங்கையளவு சூரியத் தகடு.
"இது என்ன?"
"வெயில் பிடிக்கும்" என்றான் ததேயுஸ்.
"இன்றைக்கு அகப்படாது" என்று
திருப்பிக் கொடுத்தார்.

குழு அறையில் ஒரு குட்டி விளக்கு.
பச்சை என்றால் பேசு.
மஞ்சள் என்றால் முடி.
சிவப்பு வந்தால்
உன் வாக்கியம் எங்கே நிற்கிறதோ
அங்கேயே நிற்கட்டும்.
மூன்று நிமிடம்.
என்னுடையதை நான்
அம்மாவின் மின்கட்டணச் சீட்டில் ஆரம்பித்தேன்,
போன பிப்ரவரிச் சீட்டு.
அதை உயர்த்திக் காட்டியபோது
உறுப்பினர் ஒருவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.
தோல் அறாமல் ஒரே சுருளாக வந்தது.
எனக்கே அதில் கண் போய்
ஒரு வரி விட்டுப்போயிற்று.

பதினேழாவது, ஒடெட் மிஷோ.
ஆற்றின் அக்கரையில் கனடா தெரியும்
வடகோடி ஊர்க்காரி.
அவள் எழுந்தபோதுதான் கவனித்தேன்:
எதிர்ப்போர் தாளில், நாற்பத்தொன்றாவதாக,
அதே குடும்பப்பெயர்.
பின்வரிசையில், தொப்பியை முழங்காலில் மாட்டி,
துவைத்தும் எண்ணெய் வாசம் போகாத மேலங்கியில்
ரெனால்ட் மிஷோ.
இருபத்தாறு குளிர்காலம்
வீடு வீடாகக் கணப்பு எண்ணெய் நிரப்பியவர்.

மகள் சொன்னாள்:
அப்பாவுக்கு எதிராக நான் வரவில்லை.
அவர் லாரி ஓட்டும் சாலை
இரண்டு முறை ஆற்றோடு போயிற்று.
உறைந்த குழாயை இருட்டில் தடவியே
சரிசெய்யத் தெரிந்த கை அவருடையது,
வெப்பப் பம்பு பொருத்தவும் அது கற்கும்.
நான்காம் பிரிவில்
அந்தப் பயிற்சிக்குப் பணம் இருக்கிறது.
நீங்கள் வெட்டப் பார்க்கும் பிரிவு
அதுதான், அதை நீங்கள்
சிவப்பு.

மதியம் நடைக்கூடத்துப் பெஞ்சில்
இருவரும் ஒரே சாண்ட்விச்சைப்
பிய்த்துத் தின்றார்கள். பிரெஞ்சில் ஏதோ பேச்சு.
ஊறுகாய் வெள்ளரியை மட்டும் அவர்
அவள் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார்.
எங்கள் ஆள் எதிராளியோடு சாப்பிடுவதைப்
பட்டியலில் எங்கே குறிப்பது?

நாற்பத்தொன்று வர மாலை நாலரை.
ஜன்னலில் இருட்டு.
ஆரஞ்சுக்காரர் எப்போதோ போய்விட்டிருந்தார்.
"மைனஸ் முப்பதில் பம்பு நின்றால்
இரவு இரண்டு மணிக்கு யாரைக் கூப்பிடுவார்கள்?
என்னைத்தான்.
அதை எழுதிவிட்டு மற்றதை எழுதுங்கள்."
கொஞ்சம் நின்றார்.
"நான்காம் பிரிவு நான் படிக்கவில்லை.
இருக்கிறதென்று யாரும் சொல்லவுமில்லை."
பச்சை இன்னும் எரிந்துகொண்டிருந்தது.
மிச்ச நேரத்தை என்ன செய்வதென்று தெரியாதவராய்
அதைப் பார்த்தார்,
நன்றி சொல்லி உட்கார்ந்தார்.

மசோதா அடுத்த கூட்டத்தொடருக்கு.
ஒரு சுத்தியல் தட்டு,
நாற்காலிகள் இழுபடும் சத்தம்.
ததேயுஸ் டோனட் பெட்டியை மடித்து மடித்து
சதுரமாக்கினான்.

பேருந்தில் ஒரு இருக்கை காலி.
ஒடெட் அப்பாவின் பிக்கப்பில் வடக்கே போய்க்கொண்டிருந்தாள்.
ஹூல்ட்டன் தாண்டியதும் செய்தி வந்தது:
"சத்தமாக வாசிக்கச் சொல்கிறார்.
பிரிவு நான்கு, உட்பிரிவு ஆ.
இது இரண்டாவது தடவை. திட்டிக்கொண்டே கேட்கிறார்."

அடுத்த வருடத்துத் தாளை எடுத்து
ரெனால்ட் மிஷோ என்று எழுதினேன்.
ஆதரவா எதிர்ப்பா என்ற கட்டத்தில்
பென்சில் நின்றது.
விரல் விறைத்திருந்தது, அதுவும் ஒரு காரணம்.
இஃப்ரா என் பாதி கம்பளியை இழுத்துக்கொண்டு
தூங்கிப்போனாள்.