கைப்பிடிச் சுவரிலிருந்து தரைக்கு

முதலில் ஒரு பஸ் ஜன்னல்தான்.
ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது
பன்னிரண்டாம் வளைவில் பிடித்தது மழை.
ஷட்டரை இறக்க முடியவில்லை என்னால்.
இரண்டு கையாலும் தொங்கிப் பார்த்தேன்.
பின்சீட்டுக்காரர் ஒற்றைக் கையை நீட்டி
டப்பென்று இறக்கிவிட்டு
பலாப்பழ விலையை விட்ட இடத்திலிருந்து பேசினார்.

நனைந்த தோளோடு அடிவாரம் வரை
என் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தேன்.
நாற்பத்துமூன்று வருடம்
பிசைந்தவை, பிழிந்தவை,
பிள்ளையை ஒன்றில் ஏந்தி
மற்றதில் குடம் தூக்கியவை.
ஆனாலும் என் எடை என்னவென்று
இவற்றுக்குத் தெரியாது.
கால்களுக்குத்தான் தெரியும்.

கன்னங்குறிச்சியில் மொட்டைமாடி.
ஐந்தேகாலுக்கு நான்கு பேர்.
நான், கீழ்வீட்டு மெகருன்னிசா,
ஸ்டீல் பிளான்ட் கேன்டீனுக்குப் போகும் செல்வமேரி,
கொலுசுப் பட்டறையில் கண்ணி கோக்கும் தனபாக்கியம்.
மேரி மட்டும் ஐந்து ரோட்டில் ஒரு ஜிம்மில்
ஒரு மாதப் பணம் கட்டி
ஒரே ஒரு நாள் போனவள்.
'லேடீஸ் தண்டால்' என்று
முழங்காலை ஊன்றிக் காட்டினானாம் பையன்.
அவள் செய்து காட்டினாள்.

"கோயில்ல நாம விழுந்து கும்புடுறாப்ல இருக்குது"
என்றாள் தனபாக்கியம்.

அதேதான்.
கொடிமரத்தின் முன் ஆண்களுக்கு எட்டு அங்கம்
எங்களுக்கு ஐந்து.
ஏழு வயதில் அண்ணனைப் பார்த்து
நானும் நீளமாய்க் கிடந்தபோது
பாவாடையைப் பின்னால் பிடித்துத் தூக்கிய கை
யாருடையதென்று ஞாபகமில்லை.
பொட்டப்புள்ளைக்கு நெஞ்சு தரையில் படக்கூடாது
என்ற குரல் மட்டும் இருக்கிறது.

ஆனி முழுக்கச் சுவர்.
தண்ணீர்த்தொட்டியைச் சாய்ந்து தள்ளினோம்.
தொட்டி நகரவில்லை.
சுண்ணாம்பு வந்தது உள்ளங்கையோடு.
வீட்டுக்காரர் அர்த்தநாரி மேலே வந்து
எட்டுக் கைத்தடங்களையும் பார்த்தார்.
"மலையிலிருந்து கொரங்கு எறங்கியிருச்சாட்ட இருக்குது?"
"ஆமாங்ண்ணா, நாலு" என்றாள் மெகருன்னிசா.

ஆடியில் கைப்பிடிச் சுவர்.
அப்புறம் மாடிப்படி:
கை ஊன்றும் படி தாழத் தாழ
உடம்பு கனக்கும்.
ஐந்தாம் படிக்கு மூன்று வாரம்.
நான்காம் படி எப்படியோ போயிற்று.
மூன்றாம் படியில்
ஐப்பசி அடைமழை முழுக்கக் கிடந்தோம்,
சாக்கு விரித்து, வழுக்கி, திட்டி.
கண்ணி கோக்கும் விரல் நோகுமென்று
தனபாக்கியம் முஷ்டி மடக்கி ஊன்றினாள்.
மேரிக்கு ஷிப்ட் மாறி
பத்து நாள் வரவில்லை. வந்தபோது
மறுபடி ஐந்தாம் படியிலிருந்து.

டெய்லர் கேட்டார்,
"ஒடம்பு அதேதான். ஜாக்கெட் கை மட்டும்
ஏங்க்கா பத்தமாட்டேங்குது?"
அரை அங்குலம் பிரித்துவிடச் சொன்னேன்.
சொல்லும்போது கூச்சமாகத்தான் இருந்தது.
திரும்பி வரும் வழியில் இல்லை.

கார்த்திகையில் ஒரு விடியல்.
மலையில் முதல் பஸ்ஸின் வெளிச்சம்
வளைவுக்கு வளைவு தொலைந்து
தொலைந்து வந்தது.
படியெல்லாம் முடிந்துவிட்டது, மிச்சம் தரை.
கால் நீட்டி, விரல் ஊன்றி, இறங்கினேன்.
சிமென்ட் சில்லென்று மூக்கில் பட்டது.
பிறகு நெஞ்சில்.
பின்னாலிருந்து யாரும் தூக்கவில்லை.

நானே தூக்க வேண்டியிருந்தது.
முழங்கை கோழி இறக்கையாய் விரிந்தது,
இடுப்பு தொய்ந்தது,
பல்லைக் கடித்ததில் காதுக்குள் ஒரு சத்தம்.
பார்க்க நன்றாக இருந்திருக்காது.
ஆனால் தரை
என்னைவிட்டுக் கீழே போனது.

"ஒண்ணு" என்றாள் மேரி,
கேன்டீனில் டோக்கன் எண்ணுகிற குரலில்.

இரண்டாவதற்கு இறங்கினேன். ஏறவில்லை.
அப்படியே கிடந்தேன்.
மெகருன்னிசா வீட்டில் இன்று அவர் முறை போல,
மிக்ஸி ஓடுவது
தரை வழியாய்க் கன்னத்தில் அதிர்ந்தது.
கண்ணுக்கு அருகே
தன்னைவிடப் பெரிய எதையோ இழுத்துப் போனது ஓர் எறும்பு.
அதை நான் கவனிக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

"எந்திரிக்கா, பஸ்ஸு போயிரும்."

இருங்கடி.
இன்னும் கொஞ்ச நேரம்
படட்டும்.