பெறுநர்

கடிதம் என் கையெழுத்தில்தான் போனது.
கையெழுத்து என்றால் ரப்பர் முத்திரை,
நீல மை, ஓரம் கொஞ்சம் தேய்ந்தது.
ஐந்நூற்றுப் பதினாறு உறைகள்.
விட்டுப் போனவர்கள் அத்தனை பேருக்கும் அனுப்பு என்று
மேலிடத்துச் சொல். அனுப்பினேன்.
"உங்கள் இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது.
திரும்பி வந்தால் மூவாயிரம் டாலர்,
தொண்ணூறாம் நாள் கையில்."

நெப்ராஸ்காவில் அந்த வருஷம் அப்படி ஒரு ஆள் பஞ்சம்.
தேவாலய வாசலில் துண்டறிக்கை கொடுத்தேன்.
சோமாலி மளிகைக் கடையில், பெட்ரோல் பங்கில்,
பள்ளிக்கூடக் கால்பந்தாட்டத்தின் இடைவேளையில்.
நெடுஞ்சாலையோர வறுத்த கோழிக்கடை
எங்களைவிட ஒரு டாலர் கூடக் கொடுத்தது, மேலே சாப்பாடும்.
பன்றிகள் மட்டும்
சொன்ன நேரத்துக்கு லாரி லாரியாக வந்து இறங்கின.

செவ்வாய்க்கிழமை நோ மூ வா வந்தாள்.
கரென் பெண். மழைக்கோட்டைக் கழற்றவில்லை.
பிரித்த உறையை மேசைமேல் வைத்தாள்.
"சோ லெர் தூவுக்கு வந்திருக்கிறது.
அவரால் வர முடியாது.
சொல்லிவிட்டுப் போகலாம் என்று."

பெயரைத் தட்டினேன்.
தொடையெலும்பு நீக்கும் மேசை, இரண்டாம் ஷிப்ட்.
கடைசி நாள், இரண்டாயிரத்து இருபது, ஏப்ரல் இருபத்தொன்பது.
விலகிய காரணம் என்ற கட்டத்தில்
தேர்ந்தெடுக்க ஏழு இருந்தன அப்போது.
இறப்பு அதில் இல்லை.
யாரோ, அநேகமாக நான்தான்,
"தகவல் தராமல் வேலைக்கு வரவில்லை" என்பதை
அமுக்கியிருக்கிறேன்.

திரை என் பக்கம் திரும்பியிருந்தது. நல்லவேளை.

"ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டாரே,
லீவு சொல்ல" என்றாள்.
குற்றம் சாட்டவில்லை.
எண்ணைத் தப்பாகப் போட்டுவிட்டாரோ என்று
இன்றைக்கும் சந்தேகப்படுகிற குரல்.

எண் சரிதான். அந்தத் தொலைபேசி
என் மேசையில், எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது.

பிறகு கடிதத்தின் மூன்றாம் வரியில் விரல் வைத்தாள்.
இந்தப் பணம் எனக்கும் உண்டா?
உண்டு.
அவர் இடம், நிஜமாகவே காலியா?
நான் அச்சடித்த வாக்கியம் அது. வேறென்ன சொல்ல.
காலிதான் என்றேன்.
நடுவில் நான்கு பேர் வந்து போயிருந்தார்கள் அதில்.
கடைசியாள் மதியச் சாப்பாட்டுக்குப் போனவன், வரவேயில்லை.

விண்ணப்பத்தை நின்றபடியே நிரப்பினாள்.
முன் அனுபவம் என்ற இடம் வந்ததும்
பேனாவை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.
ராத்திரி ராத்திரி வெந்நீரில் வைத்து
அவர் விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்துவாளாம்.
சுண்டுவிரல்தான் முதலில் மடங்கும், கடைசியில் விரியும்.
அதை எழுதலாமா?

எழுதுங்கள் என்றேன்.
எழுதவில்லை. கோடு போட்டாள்.

கதவருகே போனவள் திரும்பினாள்.
வரிசை அதே வேகம்தானே ஓடுகிறது?

அதே வேகம்தான்.

ஆள் குறைவென்று
மார்ச்சிலேயே கூட்டியிருந்தோம்.