நூற்று எண்பது ரூபாய்

பழங்காநத்தம் ரவுண்டானாவில் நிற்பது என்னவென்று
ஊர் இன்னும் முடிவுக்கு வரவில்லை.
நாற்பத்திரண்டு அடி, பத்தொன்பது டன்,
துருப்பிடிப்பதற்கென்றே வாங்கிய இரும்பு.
ஆட்டோக்காரர்களுக்கு அது முறுக்கு.
கல்வெட்டில் 'பிரவாகம்'.
பரோடாவிலிருந்து வந்த சிற்பி
பட்டறைக் கரும்பலகையில் அதை வரைந்து முடிக்கும்வரை
சாக்பீஸைப் பலகையிலிருந்து எடுக்கவே இல்லை.
அதற்காக மட்டும் அவரை மதித்தேன்.

கப்பலூரில் ஏழு மாத வேலை.
உள்பக்கம் வெல்டு வைக்க ஒல்லியான ஆள் வேண்டும்.
நானும் அபுதாகிரும் மாற்றி மாற்றி இறங்கினோம்.
வைகாசி வெயில், இரும்புக் குடல்,
ஒரு டேபிள் ஃபேன்,
கயிற்றில் இறங்கும் மோர்ச் சொம்பு.
புகையில் அவன் இருமினால்
சத்தம் வளைவு வளைவாக ஏறிப்போய்
உச்சியில் வேறு யாரோ இருமுவதுபோல் கேட்கும்.

கடைசித் தகட்டை மூடிய அன்று
ஸ்டோரில் பேச்சிமுத்து எண்ணிப் பார்த்தார்:
சிப்பிங் சுத்தியல் ஒன்று குறைகிறது.
விலாத் தகட்டில் மாட்டிவைப்பது அபுதாகிர் வழக்கம்.
அவன் என்னைப் பார்த்தான்.
நான் தகட்டைப் பார்த்தேன்.
வெல்டு இன்னும் சிவந்திருந்தது.
சம்பளத்தில் நூற்று எண்பது கழித்தார்கள்.

கொண்டுபோய் நிறுத்த இரண்டு இரவு.
திருநகரில் கேபிள் வயர்களைக் கவைக்கம்பால் தூக்கிப் பிடிக்க
டிரெய்லர் கீழே ஊர்ந்தது.
பைக்காரா வரை நாய்கள் கூடவே வந்தன.

முதலில் கேட்டது எதிரே இட்லி விற்கும் பஞ்சவர்ணம்.
திருமங்கலம் பஸ் திரும்பும்போது, டொக்.
தண்ணீர் லாரிக்கு டொக் டொக்.

ஆடிக்குள் அடிப்பகுதி போல்ட் பதினாறுக்கும் குங்குமம்.
மஞ்சள் துணி, ஒரு மரத்தொட்டில்.
எலுமிச்சையைக் குத்த இடமில்லையென்று
காந்தம் வைத்து நிறுத்தியிருந்தான் ஒரு கெட்டிக்காரன்.
நினைத்ததும் ஒற்றை விழுந்தால் நடக்கும்,
இரட்டை விழுந்தால் தள்ளிப் போகும்.
பஞ்சவர்ணத்தின் மகளுக்கு நர்சிங் சீட் கிடைத்தது ஒற்றையில்.

மாநகராட்சி இன்ஜினியர் காதை வைத்துக் கேட்டுவிட்டு
எங்களைக் கூப்பிட்டு விசாரித்தார்.
வெட்டித் திறப்பதென்றால் பரோடாவுக்கு எழுத வேண்டும்.
உள்ளிருக்கும் வெறுமைதான் அதன் பொருள் என்று
பரோடா ஏற்கெனவே எழுதியிருக்கிறது.
சூட்டுக்கு இரும்பு விரியும் சார், என்றேன்.
பொய்யில்லை, விரியும்தான்.

போன வெள்ளிக்கிழமை சிக்னலில் நின்றோம்,
அபுதாகிர் பின்னால்.
திட்டின் மேல் ஒரு பெண்,
கையில் ஸ்கேன் சென்டர் உறை,
கன்னத்தை இரும்போடு ஒட்டிவைத்திருந்தாள்.
ஞாபகம் வந்தவள்போல் செருப்பைக் கழற்றித் தள்ளி வைத்தாள்.
ஏதோ மறியல். ஒரு பஸ் வரவில்லை, ஒரு லாரி வரவில்லை.
பச்சை விழுந்து பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

இறங்கிப் போனான்.
ஷூ லேஸ் கட்டுகிறவன்போல் மறுபக்கம் குனிந்து
எந்த வளைவென்று அவனுக்குத்தானே தெரியும்,
குதிகாலால் ஓர் உதை.

டொக்.

ஓடிவந்து உட்கார்ந்து
வண்டியை எடுடா, என்றான்.
திரும்பிப் பார்க்கவில்லை நாங்கள்.