எண்ணெய் காயும்

இந்த ஊருக்கு இரண்டு பெயர்.
ஜெர்மன் பேசுகிறவர்களுக்கு பீல்,
பிரெஞ்சு பேசுகிறவர்களுக்கு பியென்.
இரண்டிலும் எனக்கு ஒரே வேலை:
வருகிற கடிகாரத்துக்கு
ஆகும் செலவை எழுதுவது.

உறையைக் கிழித்ததும் முதலில் வருவது வாசனை.
சங்கிலிக் கண்ணிகளில் அடைந்திருப்பதை
பல் குத்தும் குச்சியால் நோண்டி எடுப்பாள் நொயேமி.
சன்ஸ்கிரீன், மைதா மாவு,
ஒருமுறை மீன் செதில்.
அதை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவோம்.
சில சமயம் தப்பாக.

லாகோஸ் வழக்குரைஞர் ஒருவர்
குறிப்பு வைத்து அனுப்பியிருந்தார்:
பாலிஷ் போடாதீர்கள்.
ஓரத்தில் இருக்கும் பள்ளம் என் கார்க் கதவால் வந்தது.
காரை விற்றுவிட்டேன்.

ரேத்தோ கஃப்லிஷின் கடிகாரத்தில் வாசனையே இல்லை.
பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் ஒரு பெட்டி.
பதினொரு வருடமாகியும்
கொக்கியின் மேல் கடை ஒட்டிய பிளாஸ்டிக்
குமிழ்கூட இல்லாமல்.
நாளொன்றுக்கு நாற்பது விநாடி பின்தங்கியது.

எண்ணூற்று நாற்பது ஃபிராங்க் என்று எழுதினேன்.
பதில் வந்தது:
அம்மையீர், இதை நான் ஒருநாளும் கட்டியதில்லை.
கட்டாத கடிகாரம் எப்படித் தேயும்?

தேயவில்லை ஐயா, காய்ந்துவிட்டது.
கடுகை நூறாகக் கீறினால் கிடைக்கும் ஒரு துணுக்கு அளவு
சிவப்புக் கல்லின் குழியில் எண்ணெய் இருக்கிறது.
நீங்கள் பார்த்தாலும் காயும், பாராவிட்டாலும் காயும்.
வங்கிப் பெட்டகத்தின் இருட்டில்
யாரும் அவசரப்படுத்தாமல் காயும்.

இதையெல்லாம் எழுதி, அழித்துவிட்டு,
கட்டண விவரத்தின் மூன்றாம் பக்கம் பார்க்கவும்
என்று அனுப்பினேன்.

நேரிலேயே வந்துவிட்டார்.
கூரிலிருந்து மூன்று மணிநேர ரயில். சிமெண்ட் வியாபாரி.
மணிக்கட்டில் ரப்பர் பட்டைக் கடிகாரம்,
பெட்ரோல் பங்கில் இனாமாகக் கொடுத்தது.
எங்கள் சுவர்க் கடிகாரத்தைவிட
ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது.

ஏன் வாங்கினீர்கள் என்று கேட்கக் கூடாது.
கேட்டேன.

“பட்டியலில் பெயர் கொடுத்து வைத்தேன், சும்மாதான்.
நான்கு வருடம் கழித்துக் கூப்பிட்டு
உங்கள் முறை வந்துவிட்டது என்றார்கள்.
என்னிடம் அதுவரை
யாரும் அப்படிச் சொன்னதில்லை அம்மா.
வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?”

அப்புறம் விலை ஏறியதாம்.
விற்றால் மறுநாள் இன்னும் ஏறிவிடுமோ,
கட்டினால் அன்றே இறங்கிவிடுமோ.
வருடம் ஒருமுறை போய்ப் பெட்டகத்தைத் திறந்து
நலம் விசாரித்துவிட்டு வருவாராம்,
ஆஸ்பத்திரியில் தூரத்துச் சொந்தத்தைப் பார்ப்பதுபோல.
ஆரஞ்சுப் பழம் மட்டும்தான் வாங்கிப் போகவில்லை.

பணம் கட்டினார்.
கொக்கிப் பிளாஸ்டிக்கைத் தொடாதீர்கள்
என்று படிவத்தில் இரண்டு கோடு போட்டு எழுதினார்.

ஐந்து வாரம்.
நொயேமி அதைக் கழற்றி, கழுவி,
ஊசி முனையால் எண்ணெய் வைத்து,
பிளாஸ்டிக்கைத் தொடாமல்
திரும்பக் கொண்டுவந்தாள்.
ஆறு திசையில் சாய்த்துப் பார்த்தோம்.
நாளுக்கு ஒரு விநாடி முந்தியது.
புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன்போல.

வாங்கிப்போக வந்தவர்
காதில் வைத்துக் கேட்டார்.
பிறகு, நான் எதிர்பார்க்காத வேளையில்,
நகத்தால் ஓரத்தை நெம்பி உரித்தார்.
பட்டென்று வரவில்லை.
பதினொரு வருடப் பசை,
இழுத்து இழுத்து விட்டது.
உரித்ததை எறியவில்லை,
நாலாய் மடித்து பர்ஸில்
ரயில் பாஸுக்குப் பின்னால் செருகிக்கொண்டார்.

சங்கிலி புறங்கைக்கு வழுக்கியது.
இரண்டு கண்ணி எடுத்துக் கொடுத்தோம்.

கையெழுத்துப் போட
இடது கையால் தாளை அழுத்திக்கொண்டார்.
கருங்கல் மேடையில்
கொக்கி உரசிய சத்தம்.
சின்னச் சத்தம்தான்.
அவருக்குக் கேட்டது, எனக்குக் கேட்டது,
உள்ளறையில் நொயேமி தலையைத் தூக்கினாள்.

கையைத் திருப்பிப் பார்க்கவில்லை.
பெயரின் கடைசி எழுத்தை
நிதானமாக முடித்தார்.

அடுத்த ரயிலுக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்றேன்.
பழக்கத்தில்
சட்டைப்பையில் ஃபோனைத் தேடினார்.