தவணை நாள்

டோர்கில்ஸ் கதவைத் திறந்ததும்
மீன் வாடை முதலில் நுழைந்தது,
பிறகு பனி, பிறகு அவன்.
"கொன்றது யார்?" என்றான்.

பதினோராம் அத்தியாயத்தில் கதை நின்றுவிட்டதாம்.
கரையிலிருந்து அறுபது மைல்,
கை இரண்டும் மீன் குடலுக்குள்,
காதில் ஒரு பெண் குரல்
'அவன் திரும்பிப் பார்த்தபோது' என்றது.
அதோடு சரி.
இரவல் காலம் முடிந்தது, புதுப்பிக்க இணையம் தேவை.
பேரன்ட்ஸ் கடலில் ஏது இணையம்?

மிச்சம் ஒன்பது நாள்
படகிலிருந்த ஐந்து பேரும்
ஆளுக்கொரு கொலைகாரனைப் பிடித்துவைத்திருக்கிறார்கள்.
சமையல்காரன் பந்தயப் பணம் வசூலித்துவிட்டான்.

நான் அந்தக் கதையைப் படித்ததில்லை.
நூலகக்காரி எல்லாம் படித்திருப்பாள் என்பது
ஸ்கார்வ்னெஸ் ஊரில் யாரும் கைவிடாத நம்பிக்கை.

அன்று மாலை
(நவம்பரில் எங்களுக்கு மதியம் இரண்டு மணியே மாலை)
பதிவேட்டைக் கணினியில் திறந்தேன்.
நாங்கள் திறப்பது பத்துக்கு, சாத்துவது மூன்றுக்கு.
ஊர் இரவல் வாங்குவதோ
விடிகாலை மூன்று நாற்பதுக்கு,
டீசல் பம்ப் அருகே,
எஞ்சின் சூடேறும் இருபது நிமிடத்தில்.
மின்னூலை யாரும் புரட்டவில்லை.
எல்லோரும் கேட்கிறார்கள்.
கண்ணுக்கு வேலை இருக்கிறது, காதுதான் சும்மா கிடக்கிறது.
நானோ மூன்று வருடமாக
முகப்புப் பக்கத்தின் நீலத்தை
இன்னும் கொஞ்சம் நீலமாக்கிக்கொண்டிருந்தேன்.

ஓஸ்லோவுக்கு எழுதினேன்.
பதினான்கு நாள் என்பது அமைப்பிலேயே உள்ளது என்று பதில்.
அமைத்தவர் கடலுக்குப் போனதில்லையா என்று கேட்டேன்.
பதில் இல்லை.
ஏழாவது கடிதத்துக்கு
பிரின்யுல்ஃப் என்றொரு பையன் தொலைபேசியில் வந்தான்:
"கடிகாரத்தை நிறுத்த முடியாது.
தொடர்பு அறுந்த நாட்களை மட்டும்
கணக்கில் சேர்க்காமல் விடலாம்."
விடு, அது போதும்.

பம்ப் சுவரில் சின்னதாய் ஒரு வைஃபை பெட்டி மாட்டினோம்.
நகராட்சியில் அதற்கு மூன்று கூட்டம்.
அதில் இரண்டு,
பெட்டிமேல் கடற்காகம் எச்சமிட்டால்
துடைப்பது யார் என்பதிலேயே போயிற்று.
நான்தான் துடைக்கிறேன்.

ஆனால் பதிவேட்டை மூட மனம் வரவில்லை.
அதில் ஓர் எண், நாலு ஒன்று ஏழு.
தினமும் இரவு ஏழரைக்கு, மீன் ஆலை இடைவேளையில்,
லித்துவேனிய மொழியில் ஒரு குழந்தைக் கதை.
எப்போதும் அதே நான்கு நிமிடம்.
முடியும், மறுபடி ஓடும்.
எண் யாருடையது என்று எழுதியிருக்கவில்லை.
எழுதவும் வேண்டாம்.
டைவா, பொதி கட்டும் மேசை. மகன் கவுனாஸில்.

மறுநாள் கடையில் அவள்
உருளைக்கிழங்கு எடைபோட்டுக்கொண்டிருந்தாள்.
கதை அதற்கப்புறமும் இருக்கிறதே என்று
வாய் வரை வந்துவிட்டது.
உப்பு விலை பற்றி ஏதோ பேசிவிட்டு
உப்பு வாங்காமலேயே வீடு திரும்பினேன்.

அட்டையில் முத்திரை குத்திய காலத்தில்
அட்டைக்குத் தேதி மட்டும்தான் தெரியும்.
எந்தப் பக்கத்தில் யார் திணறி நின்றார்கள் என்பது
அதற்குத் தெரியாது.

பிரின்யுல்ஃபைக் கூப்பிட்டேன்.
மொத்தக் கணக்கு போதும், ஆட்களை எடுத்துவிடு.
"பழக்கம் தெரியாமல் எதை மாற்றுவீர்கள்?"
கதவைத் திறந்துகொண்டு வந்து கத்துவார்கள் என்றேன்.
அவன் சிரித்தது போலிருந்தது.
ஒரு நொடிதான்.
ஊரே திரையிலிருந்து எழுந்து
விளக்கை அணைத்துவிட்டுப் போனது.

ஜனவரியில் டோர்கில்ஸ் வந்தான்.
கொன்றவன் யார் என்று சொல்லவில்லை.
பந்தயப் பணம் கைமாறிவிட்டது என்பதை மட்டும்
முகம் சொன்னது.
"குரல் சன்னமாக இருக்கிறது,
வின்ச் ஓடும்போது ஒரு வார்த்தை பிடிபடவில்லை.
ஏதாவது செய்யேன்."

அவன் பூட்ஸில் உருகிய பனி
மேசைக் கால்வரை வந்துவிட்டது.
துடைப்பதற்கு முன்
ஓஸ்லோவுக்கு எட்டாவது கடிதம் தொடங்கினேன்.